பதின்மூன்றாம் நாள் பொய்

டாக்டர் மொக்தாரி ஒரு புத்தாண்டு விடுமுறையில் மருத்துவமனைத் தரையை மூன்று முறை கழுவ வைத்தார். ஜன்னல்களுக்கெல்லாம் புதுத் திரை போடச் சொன்னார். வியன்னாவிலிருந்து அணுசக்திக் கண்காணிப்பாளர்கள் நாலு பேர் எக்ஸ்ரே அறையைச் சோதிக்க வருகிறார்கள், அதில் ஒருவர் ரொம்பக் கறார் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. கோட்டும் சூட்டுமாக வாசலிலேயே சாயங்காலம் வரை நின்றார். கடைசியில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஹூஷங் கையில் தேநீர்த் தட்டோடு வந்து, "இன்னைக்கு என்ன தேதிங்க டாக்டர்?" என்று பவ்யமாகக் கேட்டார். தேதி பதின்மூன்று.

வசந்தத்தில் புத்தாண்டு பிறந்து பதின்மூன்றாம் நாள் ஈரானில், எங்கள் இஸ்ஃபஹானில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். இருந்தால் பீடை. ஊரே கம்பளத்தையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடும். அன்றைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அன்று சொல்கிற பொய்க்குப் பாவம் கிடையாது. ஏமாந்தவன் கோபித்துக்கொள்ளவும் கூடாது, சிரித்துவிட்டுப் போக வேண்டும். ஊரில் எல்லோரும் சின்னதாக ஒன்று சொல்லிப் பார்ப்பார்கள். ஹூஷங் மட்டும் அதை முழுநேரத் தொழிலாகவே வைத்திருந்தார். ஆறு மாதம் முன்பே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஐம்பத்தெட்டு வயது. ஆள் குட்டை, மூக்கு நீளம், சிரிக்காத முகம். அந்த முகம்தான் அவருடைய மூலதனம். சின்ன வயதில் வானொலிப் பெட்டி ரிப்பேர் கடையில் வேலை கற்றவர், போரின்போது எல்லையில் ஜெனரேட்டர் ஓட்டினார், திரும்பி வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். காலம் நன்றாக இருந்தபோது நாலு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பிப் பயிற்சியும் கொடுத்தார்கள். கல்லூரிப் பட்டம் ஏதும் கிடையாது. ஆனாலும் ஊர் முழுக்க அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிட்டது. புற்றுநோய்க்காரர்களைப் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சும் அந்தப் பெரிய இயந்திரத்தை இருபத்தைந்து வருஷமாக அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். அது இருமினால் இவருக்கு வீட்டில் தூக்கம் வராது.

அந்த இயந்திரம்தான் பதினாலு மாதமாகப் படுத்துக் கிடந்தது. உள்ளே கதிரை உண்டாக்குகிற குழல் ஒன்று உண்டு, தேங்காய் அளவுதான் இருக்கும். அது போய்விட்டது. நாட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே அணுத் தகராறு முற்றி, எதற்கெடுத்தாலும் தடை என்றிருந்த காலம். மருந்துக்குத் தடை இல்லையாம், காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் குழல் மருந்தில்லையே. மருத்துவம், அணு என்று இரண்டு வேலைக்கும் பயன்படக்கூடிய பொருள் என்று கம்பெனிக்காரன் ஒரு படிவத்தை அனுப்பினான். 'இது அணு ஆராய்ச்சிக்குப் பயன்படுமா?' என்று ஒரு கேள்வி. ஹூஷங் சலிப்போடு, 'இல்லை, என் மச்சினன் தொண்டைக்குப் பயன்படும்' என்று எழுதி அனுப்பினார். பதிலே வரவில்லை.

மச்சினன் என்று எழுதியது பொய்யில்லை. அவர் மனைவி தூரானின் தம்பி ஜலால், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இருபத்தைந்து வருஷம் மைதானத்தில் கத்தின தொண்டையில் கட்டி வந்து, குளிர்காலத்தில் அறுத்து எடுத்தார்கள். குரல் போய், உப்புத்தாளை உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவான். இனி ஒரு மாதத்துக்குள் கதிர் வைக்க ஆரம்பித்துவிட வேண்டும், ஏழு வாரம், தினமும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இஸ்ஃபஹானில் ஓடுகிற மற்ற இயந்திரத்துக்கு ஆறு மாத வரிசை. தெஹ்ரானில் இடம் கிடைக்கும். ஆனால் ஜலால் ஒரே பிடியாக நின்றான். "தெஹ்ரான்ல போய் அனாதையாட்டம் கிடக்க மாட்டேன் அத்தான். நம்ம மெஷின் ஓடுச்சுன்னா அதுக்கடியில படுக்கிறேன். இல்லைன்னா விட்டுடுங்க" என்றான். தூரான் அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். அவன் மசியவில்லை.

ஆக, ஹூஷங்குக்கு அந்தக் குழல் வேண்டும். குழல் இருக்கிற இடமும் தெரியும். துபாயில் பஸ்தகி என்று எங்கள் தெற்குக்கரை வியாபாரி ஒருவன், அவன் கிடங்கில் ஒன்றே ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. ஈரானுக்கு அனுப்பினால் கம்பெனிக்காரன் தன் ஏஜென்சியைப் பிடுங்கிவிடுவான் என்று பயந்து உட்கார்ந்திருந்தான். அணு ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை அறிவித்துவிட்டால் போதும், மறுநாளே விமானத்தில் ஏற்றிவிடுவேன் என்றான். ஆனால் கேட்டவர்கள் இரண்டு பேர். ஹூஷங் ஒருவர். மற்றவன் தப்ரீஸ் நகர மருத்துவமனையின் பழுதுபார்ப்பவன் எய்வஸ். அங்கேயும் அதே இயந்திரம், அதே குழல் போயிருந்தது. பஸ்தகி இரண்டு பேரிடமும் பொதுவாக ஒரு நியாயம் சொன்னான்: அறிவிப்பு வந்தபிறகு யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்கு. இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தப் புத்தாண்டு விடுமுறை முழுக்கச் சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் அந்த ஒப்பந்தத்துக்காக மந்திரிமார்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியும் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் ராஜதந்திரி ஆகிவிட்டார்கள். ரொட்டிக்கடை சஃபர் மாவைத் தட்டிக்கொண்டே, யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரம் எத்தனை ஆயிரம் வைத்துக்கொள்ளலாம், எத்தனையைக் கழற்ற வேண்டும் என்று வரிசையில் நிற்பவர்களுக்கு வகுப்பெடுத்தான். முடிவெட்டுகிறவர், பால்கனிக்கு வந்து காற்று வாங்கிய வெளிநாட்டு மந்திரி காபிக் கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்பதை வைத்தே ஜோசியம் சொன்னார். ஹூஷங் இரவும் பகலும் தொலைக்காட்சி முன்னால்தான். போன் சட்டைப் பையில். அதை யாரும் தொடக் கூடாது.

பதின்மூன்றாம் நாள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தார். தூரான் விடுவாளா?

"வீட்ல உக்காந்து பீடைய இழுத்து வெச்சுக்கப் போறீங்களா? அதுவும் இந்த வருஷம்? எந்திரிங்க. கார்ல ரேடியோ இருக்கு, அதைக் கட்டிக்கிட்டு அழுங்க."

அப்படியே ஆற்றங்கரைத் தோப்புக்குப் போனார்கள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். கரையில் காலடி வைக்க இடமில்லை, கம்பளத்தோடு கம்பளம் ஒட்டிக் கிடந்தது. கரி அடுப்புப் புகை, கோழிக் கபாப் வாசனை, பந்து, சீட்டு, பாட்டு. வருகிற வருஷமாவது கல்யாணம் ஆகட்டும் என்று புல்லில் முடிச்சுப் போடுகிற பெண்கள் ஒரு பக்கம். ஹூஷங் காரைக் கம்பளத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கதவைத் திறந்து வைத்து, ரேடியோவை அலறவிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு ரேடியோ முனகி நின்றது. ஊரில் உள்ள இயந்திரத்தையெல்லாம் ஓட வைக்கிறவர், காலையிலிருந்து என்ஜின் ஓடாமல் ரேடியோ பாடினால் பேட்டரி செத்துப்போகும் என்பதை மறந்துவிட்டார். ஜலால் அதற்காகவே பக்கத்துக் கம்பளத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டி, விசில் ஊதிச் சிரித்தான். ஹூஷங்கும் சிரிக்க வேண்டியதாயிற்று.

ஜலாலுக்கு அவரைச் சிரிக்க வைப்பது எளிது. ஏமாற்றுவதுதான் நடக்கவில்லை. ஹூஷங் அக்காளைக் கட்டிக்கொண்டு போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு பதின்மூன்றும் முயற்சி செய்கிறான், இருபத்தாறு வருஷம். கார் களவு போய்விட்டது என்றான். லாட்டரி என்றான். ஒரு வருஷம் தனக்கே கால் உடைந்துவிட்டதென்று மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டினான். ஹூஷங் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்பார். அவ்வளவுதான். அந்த 'டீ குடிக்கிறியா'வைக் கேட்டாலே ஜலாலுக்கு உடம்பெல்லாம் எரியும்.

சாயங்காலம் ஐந்து மணி அடித்துப் பத்து நிமிஷம் இருக்கும். தேநீர் கொதிக்கும் சமோவாருக்குக் கரி வாங்கிவரத் தோப்பின் மறுகோடிக்குப் போயிருந்த ஜலால், கரி இல்லாமல் ஓடிவந்தான். விசில் அலறியது. கம்பளங்களைத் தாண்டி, ஒருவருடைய தயிர்க் கிண்ணத்தில் கால் வைத்து, மூச்சு வாங்க முன்னால் வந்து நின்றான்.

"முடிஞ்சிடுச்சு அத்தான். ஒப்பந்தம் ஆயிடுச்சு. அங்க ஒரு வேன் ரேடியோவுல சொன்னாங்க. போன எடுங்க, துபாய்க்குப் போடுங்க."

ஹூஷங் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எலுமிச்சை நிறத்தில் முகம், கண்ணில் நீர், செருப்பில் தயிர். பரவாயில்லையே, பையன் இந்த வருஷம் ஒத்திகை பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"டீ குடிக்கிறியா?" என்றார்.

ஜலால் தலையில் அடித்துக்கொண்டான். சத்தியம் செய்தான். அக்காள் தலையில் கை வைத்தான். ஹூஷங் அன்றைய பண்டமான பச்சைக் கீரை இலையை வினிகர்ச் சர்க்கரைப் பாகில் தோய்த்து நிதானமாக மென்றார். இப்போது தோப்பின் மறுகோடியிலிருந்து கார் ஹாரன்கள் கேட்டன. கல்யாண ஊர்வலம் போகிறது என்றார். ஹாரன் இந்தப் பக்கமும் தொற்றிக்கொண்டது. தாளம் பிடித்து, பாம் பாம், பாபாம். இரண்டு கல்யாணம் என்றார். பக்கத்துக் கம்பளத்து அம்மாள் ஒரு தட்டு நிறைய இனிப்பை நீட்டி, "வாழ்த்துக்கள், கண் குளிர்ந்தது" என்றபோது எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஜலாலை ஓரக்கண்ணால் பார்த்து, இவங்களுக்கு எவ்வளவு குடுத்தே என்று கேட்டார். முன்பின் தெரியாத இருவர் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஆள் பிடிச்சுட்டியே, கில்லாடிதான் என்று மச்சினனைப் பாராட்டினார்.

இந்த நேரம் பார்த்து டாக்டர் மொக்தாரி வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தார், ஆற்றில் நின்றிருப்பார் போலிருக்கிறது. கண்காணிப்பாளர் விவகாரத்துக்குப் பிறகு பதின்மூன்றாம் தேதியில் ஹூஷங் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அப்பேர்ப்பட்டவர் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "குழல்காரனைக் கூப்பிட்டாச்சா இன்ஜினியர்?" என்றார். வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஹூஷங்குக்கோ எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. டாக்டர் பழி வாங்குகிறார். மச்சினனும் இவரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு ரொம்பப் பெரிசு, தானே செய்திருக்கலாமே என்று அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அறிவாளிக்கு வருகிற கேடு இதுதான். சாதாரண ஆளுக்கு ஊரே கூத்தாடினால் விஷயம் உண்மை என்று பட்டுவிடும். இவருக்கு ஊரே கூத்தாடினால், ஊரையே கூத்தாட வைத்தது யார் என்று தோன்றும்.

தூரானுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வந்து அவர் கையிலிருந்த கீரையைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"வேன் வரைக்கும் நடந்து போய்க் கேட்டா கால் தேஞ்சா போகும்? பொய்யா இருந்தா, இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவ என் தம்பி கெலிச்சுட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன கொறஞ்சுடுது?"

அந்தக் கடைசிக் கேள்வி உறைத்தது. எழுந்தார். ஜலால் முன்னால் இழுக்க, டாக்டர் பின்னால் தள்ள, தோப்பின் மறுகோடிக்குப் போனார். வேனைச் சுற்றி ஐம்பது பேர் இருந்தார்கள். உள்ளே ரேடியோவில் வெளிநாட்டுக் குரல் ஒன்று நிதானமாக ஒரு அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தது, அதன்மேல் எங்கள் மொழியில் பெயர்த்துச் சொல்லும் குரல். பிறகு எங்கள் மந்திரியின் குரல், அதே அறிக்கை. ஹூஷங் முழுதாக இரண்டு நிமிஷம் கேட்டார். ஒரு விளையாட்டு வாத்தியாரால் தேசிய வானொலியை விலைக்கு வாங்க முடியாது.

அவர் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்காத முகம் தன்னால் சிரித்தது, கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. உண்மை. எல்லாம் உண்மை. ஜலால் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"இருபத்தாறு வருஷமா பொய் சொல்லி உங்கள ஏமாத்த முடியல. இன்னைக்கு உண்மையச் சொல்லி ஏமாத்திட்டேன் பாருங்க" என்றான் அந்த உரசல் குரலில். அடக்க முடியாத சந்தோஷம் அவனுக்கு. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஆடுகிற கூட்டத்துக்குள் ஓடிவிட்டான்.

ஹூஷங் மணி பார்த்தார். ஐந்து முப்பத்தைந்து. இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது. கை வழுக்க வழுக்க போனை எடுத்து, சத்தம் குறைவாக இருந்த ஒரு மரத்தடிக்கு ஓடினார். துபாய் எண் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றது. மறுபடி. ஊரில் உள்ள எல்லோருக்கும் இந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் யாரையோ கூப்பிட வேண்டியிருந்தது. ஏழாவது தடவை மணி அடித்தது. பஸ்தகியும் குடும்பத்தோடு கடற்கரையில் பதின்மூன்று கொண்டாடிக்கொண்டிருந்தான், பின்னணியில் அலைச் சத்தம்.

"பஸ்தகி, நான் ஹூஷங் பேசறேன். அறிவிப்பு வந்துடுச்சு. ஒப்பந்தம் ஆயிடுச்சு. குழல் எனக்கு."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"வாங்க இன்ஜினியரே. போன வருஷம் இதே தேதில, பந்தர் அப்பாஸ் துறைமுகத்துல என் பேருக்கு ஒட்டகம் வந்து எறங்கியிருக்கு, தீனிக்கு ஆள் அனுப்புங்கன்னு சொன்னீங்க. நான் அனுப்பினேன். ஞாபகம் இருக்கா?"

ஹூஷங் அழாத குறையாகக் கெஞ்சினார். வெறும் சொல் எடுபடவில்லை என்றதும் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். நானூறு ஐநூறு கார்களின் ஹாரன், கைத்தட்டல், குலவை. பஸ்தகி கொஞ்ச நேரம் கேட்டான். அவன் பேச்சு மாறியது.

"இது நெசந்தான்போல. இவ்வளவு பேர நீங்களே கூட்ட முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்ஜினியர், ஒரு சிக்கல் இருக்கு. தப்ரீஸ்லேர்ந்து எய்வஸ் கூப்பிட்டான், உங்க ஊர் நேரம் சரியா அஞ்சேகாலுக்கு. இதே சேதி. அவனும் கேலி பண்றான்னு நெனச்சு நான் திட்டி வெச்சுட்டேன். எங்கிட்ட இருக்கறது பட்டன் போன், எனக்கு இங்க ஒண்ணும் தெரியல. நீங்களே சொல்லுங்க. அறிவிப்பு அஞ்சேகாலுக்கு முன்னாடி வந்துச்சா, அப்புறமா? அவன் முன்னாடியே துண்டு போட்டு வெக்கப் பாத்திருந்தா அது செல்லாது, பொருள் உங்களுக்கு. வந்தப்புறம் கூப்பிட்டிருந்தா அவனுக்கு. நீங்க சொல்றதுதான். இப்பவே முடிச்சுடறேன்."

ஹூஷங் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

இப்போதுதான் வந்தது என்று சொன்னால் போதும். அஞ்சே நிமிஷம் ஆச்சு, சுடச்சுட. வேறெதுவும் தேவையில்லை. இதைவிடப் பத்து மடங்கு பெரிய புளுகுகளை இமைக்காமல் சொன்னவர். போதாக்குறைக்குத் தேதி பதின்மூன்று, பாவமும் இல்லை. எதிரே கூட்டத்துக்குள் ஜலால் தெரிந்தான். டாக்டர் மொக்தாரியின் கையைப் பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான், சுருட்டின கால்சட்டையும் விசிலுமாக இரண்டு பேரும் பைத்தியம் போல. கழுத்தில் தையல் போட்ட தழும்பு வெயிலில் பளபளத்தது. அறிவிப்பைக் கேட்டு ஓடிவந்தவன் அவன். ஐந்து பத்துக்கே சொன்னான். சொன்னதைக் கேட்டிருந்தால் ஐந்து பதினொன்றுக்கு அவர் துபாயைக் கூப்பிட்டிருப்பார். பொய்யே தேவைப்பட்டிருக்காது.

எய்வஸை அவர் நேரில் பார்த்ததில்லை. ஒரு வருஷமாகப் போனில் பழக்கம். சண்டைக்காரன் மாதிரிக் கத்திப் பேசுவான். உள்நாட்டில் செய்த குழல் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை என்று இவர் புலம்பியபோது, கத்திக்கொண்டே ஒரு மணி நேரம் யோசனை சொன்னான். அவன் இயந்திரக் கூடத்துக்கு வெளியே எத்தனை நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை இவர் கேட்டார். நாப்பத்தியொண்ணு, ஒவ்வொருத்தர் பேரும் தெரியும் என்றான். அப்போது மட்டும் அவன் கத்தவில்லை.

"இன்ஜினியர், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார் ஹூஷங். "அஞ்சு பத்துக்கெல்லாம் வந்துடுச்சு. அதுக்கும் முன்னாடியே வந்திருக்கும். எங்கிட்ட சொன்னாங்க, நாந்தான் நம்பல. எய்வஸ் சொன்னது நெசம்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று பின்னால் யார் கேட்டும் அவரால் விளக்க முடியவில்லை. வாய் தானாகச் சொன்னது என்பார். சொன்ன மறுகணமே அதை இழுத்து விழுங்கிவிடலாமா என்று தவித்தார். பஸ்தகி, அடுத்த குழலுக்கு இன்றே எழுதிவிடுகிறேன், இனி வழி திறந்துவிட்டது, இன்ஷா அல்லா மூணு மாதத்தில் கைக்கு வரும், முதல் பேர் உங்களுடையதுதான் என்றான். மூன்று மாதம். டாக்டர் சொன்னது ஒரு மாதம். ஹூஷங் நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. சாலையில் கார்கள் அப்படி அப்படியே நின்றன. போலீஸ்காரர் ஒருவர் இனிப்பு மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார், யாரையும் நகரச் சொல்லவில்லை. யாரோ காரின் கூரைமேல் ஏறி டம்ளரைத் தட்டித் தாளம் போட்டார்கள். பதினாலு மாதமாக, இல்லை, பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஊர் ஒரே மூச்சில் வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சந்தோஷம் ஹூஷங்குக்குள்ளும் இருந்தது, அதுதான் வேடிக்கை. போனைக் கையில் பிடித்தபடி நின்றவருக்குக் கால் தன்னால் தாளம் போட்டது.

ஜலால் அவரைக் கண்டுவிட்டான். வியர்வை வழிய ஓடிவந்தான். தூரானும் கம்பளத்திலிருந்து எழுந்து வந்து சேர்ந்தாள்.

"என்ன சொன்னான் அத்தான்? நம்ம கைக்கு வந்துடுச்சுல்ல?"

ஹூஷங் அவன் கண்ணைப் பார்த்தார். சிரிக்காத பழைய முகம் வந்துவிட்டிருந்தது, அவருக்கு வேறு முகம் ஏது.

"இல்லடா. தப்ரீஸுக்குப் போகுது. எய்வஸ் நமக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டான். அடுத்தது வர மூணு மாசம் ஆகும். நீ தெஹ்ரானுக்குக் கெளம்பணும். நானும் உன்கூட வரேன்."

ஜலால் ஒரு கணம் திகைத்தான். அவர் மூக்கைப் பார்த்தான், வாயைப் பார்த்தான். பிறகு அவன் முகம் அகலமாக விரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராத அந்தத் தொண்டையால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"அத்தான், அத்தான். இன்னைக்கு எங்கிட்ட நடக்காது. இருபத்தஞ்சு நிமிஷம் உங்கள ஏமாத்தி வெச்சேன்ல, அதுக்குப் பழி வாங்கறீங்க. முகத்தப் பாரு, ஒரு கோடு அசையல. நீங்க பெரிய ஆளுதான். டீ குடிக்கிறீங்களா?"

அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். மொக்தாரியைக் கூப்பிட்டு, குழல் வருது டாக்டர், இவர் என்னை ஏமாத்தப் பாக்கறார் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னான். டாக்டர் கைகொட்டிச் சிரித்தார். இருவரும் மறுபடி வட்டத்துக்குள் போனார்கள், வாங்க வாங்க என்று அவரையும் கூப்பிட்டபடி.

தூரான் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் அந்த முகத்தோடு குடித்தனம் செய்தவள். அவர் கையிலிருந்த போனையும் கண்ணையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எப்ப சொல்லப் போறீங்க?"

"சொல்லிட்டேனே. நம்ப மாட்டேங்கறான்."

"மறுபடியும் சொல்லணும்ல."

"நாளைக்குச் சொல்றேன். நாளைக்குப் பதினாலு" என்றார் ஹூஷங். போனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். ஜலால் வட்டத்துக்குள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். சூரியன் மறைய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அதுவரை அது பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஹூஷங் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி ஆடப் போனார்.